கழற்ற முடியாத மாபிள்

வீதியை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் எங்கள் முரசுமோட்டை வீட்டின் முன்னறை பள்ளத்துக்குப் போய்விட்டது. கட்டியபோது வீதிக்கு மேலே நிமிர்ந்து நின்ற அறை. இப்போது வாசலில் படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். கனடாவில் இருக்கும் என் தங்கை வீடியோ அழைப்பில் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, முரசுமோட்டையிலயும் பேஸ்மண்ட் வந்திட்டுதே!" என்று சிரித்தாள். அவளும் அங்கே ஒரு வீட்டின் அடியில், நிலத்துக்குள் இறங்கிய பேஸ்மண்டில்தான் வாடகைக்கு இருக்கிறாள். அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த அறையில்தான் என் மனைவி மெசின் வைத்து மிளகாய்த்தூள் அரைத்து விற்கிறாள். போன மாரி மழையில் நிலத்தில் இருந்து ஈரம் ஏறி, சீமெந்தில் பதித்த மாபிள் எல்லாம் பெயர்ந்து கிளம்பிவிட்டது. தரைக்குப் போடும் டைல்சுக்கு எங்கள் பக்கத்தில் மாபிள் என்றுதான் பெயர். ஈரத்தில் தூளும் பூஞ்சணம் பிடித்தது.

"வாற மாரியும் இப்பிடியெண்டால் மெசினை வித்துப்போட்டுச் சும்மா இருந்திடுவன்," என்றாள். சொன்னால் செய்கிறவள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

இரண்டு பேரும் கிளிநொச்சியில் ஒரு கடைக்குப் போனோம். மாபிள் ஒட்டும் பசையில் இத்தனை வகை இருக்கும் என்று யார் கண்டது? எனக்கு வாளியில் வரும் பசையில்தான் கண் போனது. திறந்தால் பூசலாம், குழைக்கிற வேலை இல்லை. சோம்பேறிக்கு ஏற்ற சாமான்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். "அண்ணை, அது காத்துப்பட்டுக் காயோணும். உங்கட நிலத்து ஈரத்துக்கு அது களி மாதிரிக் கிடக்கும். முதல்ல ஈரம் தடுக்கிற பூச்சைப் பூசுங்கோ. அது காய்ஞ்ச பிறகு, இந்தப் பையில வாற தூளைத் தண்ணியில குழைச்சு, அடியில வெறும் இடமில்லாமல் இழுத்து ஒட்டச் சொல்லுங்கோ."

"பிறகு கழட்டேலுமோ?" என்று கேட்டேன்.

"மாபிளையோ? உடைச்சுத்தான் எடுக்கலாம்." அவர் ஆச்சரியப்படவில்லை. "சீமெந்தெண்டால் பாத்துப் பாத்து முழுசாக் கிளப்பலாம். இஞ்ச வாற கனபேர் இதைத்தான் கேக்கினம்."

கேட்காமல் என்ன செய்வோம்? சண்டைக் காலத்தில் கதவு, நிலை, கூரைத்தகரம் எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடிய ஆட்கள் நாங்கள். எதை வாங்கினாலும் இந்தக் கேள்வி என் வாயில் முந்திக்கொண்டு வருகிறது. இப்போது இருக்கும் கூரையைக்கூட நான் திருகாணி போட்டுத்தான் பூட்டியிருக்கிறேன்.

தூள் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற மனைவி நிமிர்ந்தாள்.

"இனி எங்கை கொண்டுபோகப் போறியள்?"

அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "தம்பி, கழட்டேலாததையே தாங்கோ."

கடைக்காரர் சொன்னபடியே மாபிள் ஒட்டுவித்தோம். மாரி வந்து, வீதி வெள்ளம் எங்கள் படி வரைக்கும் எட்டிப் பார்த்தது. மனைவி தேங்காய் தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு மாபிளாகத் தட்டிக்கொண்டு போனாள். ஒன்றிலும் அடியில் வெறும் இடம் இருக்கிற சத்தம் இல்லை. மெசினைப் போட்டுவிட்டு மிளகாய் எடுக்க அடுப்படிக்குப் போனாள்.

அந்த இடைவெளியில் நான் கூரைத் திருகாணி முடுக்கிய திருப்புளியை எடுத்து, மூலையில் இருந்த மாபிளை நெம்பினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். திருப்புளிதான் வளைந்தது.

"என்ன செய்யிறியள்?" வாசலில் மிளகாய்ச் சுளகோடு நின்றாள்.

"கழட்டேலுமோ எண்டு பாத்தனான்."

"ஏலுதோ?"

"இல்லை," என்றேன். சந்தோசத்தில் சிரித்துக்கொண்டே வளைந்த திருப்புளியைத் தூக்கி அவளுக்குக் காட்டினேன்.