குழியில் தூண்டில் போட்டவர்

கொடைக்கானலில் வேன் ஓட்டும் ஆக்னலுக்கு வண்டி நின்றாலும் வாய் நிற்காது. மழையில் அவர் தெருவெல்லாம் குழி விழுந்து தண்ணீர் தேங்கியபோது, நடுவில் ஸ்டூல் போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்து, "அரசாங்கம் நமக்குப் புதுசா ஏரி வெட்டிக் கொடுத்திருக்கு, வாங்க!" என்று வீடியோ போட்டார். ஊரே சிரித்தது. மறுநாள் வெள்ளனே போலீஸ் வந்து, அரசை அவமதித்ததாக அவரைக் கைது செய்தது.

சிறைக்கு அனுப்பக் கேட்டு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஆக்னல் பயத்தோடு கைகட்டி நின்றார். மனைவி பிரின்ஸியும் சக டிரைவர்களும் பின்னால் கவலையோடு நின்றார்கள்.

நீதிபதி அம்மா வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதனால எங்கயாவது கலவரம் நடந்துச்சா?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

"இல்லீங்கம்மா. சிரிக்கிறாங்க."

"அரசாங்கத்தைக் குறை சொல்லிச் சிரிக்கிறது குத்தமில்ல. அரசியல் சட்டம் கொடுத்த உரிமை அது. இவரை விட்டுருங்க" என்ற நீதிபதி, ஆக்னலிடம் திரும்பி, "மீன் சிக்குச்சா?" என்றார்.

ஆக்னலுக்கு உயிர் வந்தது. "மீன் எங்கீங்கம்மா, நான்தான் சிக்குனேன்!"

இன்ஸ்பெக்டரும் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். பிரின்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். டிரைவர்கள் ஆக்னலைத் தோளில் கைபோட்டு டீக்கடைக்கு இழுத்துப் போனார்கள்.