மஞ்சள் நீர் பட்ட வெள்ளைக் கோட்டு

எண்பதுகளில், மலேசியாவில் பத்தாங் காலிப் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து ஃபேக்டரி வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். எதற்கு அடக்கம்? போனது நான்தானே.

சேர்ந்ததும் ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். ஒன்றே ஒன்று. வேலை நிரந்தரமான பிறகுதான் இரண்டாவது கோட்டு. கோட்டில் கறை இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பாவுக்கு நான் போவதே பிடிக்கவில்லை. "ஒரு தடவ உன்னத் திருப்பி அனுப்பினாலும் அதோட சரி. மண்டோர்கிட்ட சொல்லி மரம் வெட்டப் போட்டுடுவேன்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தோட்டத்துக் கங்காணியைத்தான் மண்டோர் என்போம்; மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. அப்பா சொன்னால் சொன்னதுதான்.

மற்ற ஊர்ப் பெண்கள் வேலை முடிந்ததும் கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைப்பார்கள். நான் போட்டுக்கொண்டே பஸ் ஏறி, போட்டுக்கொண்டே லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பேன். எங்கள் வீடு கடைசி வீடாக இருந்தது வசதியாகப் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை மாரியம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள். முறைப் பையன்கள் மேல் நாங்கள் மஞ்சள் நீர் ஊற்றுவதும், அவர்கள் எங்களைத் துரத்துவதுமாக எஸ்டேட்டே அல்லோலகல்லோலப்படும். அரை நாள் வேலை முடிந்து நான் வந்து இறங்கியபோது, அத்தை மகன் குழாயடியில் வாளியோடு நின்றிருந்தான்.

"டாக்டரம்மா வராங்க, வழி விடுங்கலா," என்றான்.

"மேல பட்டுச்சு, தொலைச்சிடுவேன்," என்றேன்.

அப்படிச் சொன்னால் ஊற்றாமல் விடுவானா? தோளிலிருந்து முழங்கால் வரை மஞ்சள். அன்றைக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது முறை. நான் கோபித்துக்கொண்டேன். அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். அதில் பாதி என் பரம்பரை என்பது பிறகுதான் உறைத்தது.

வீட்டில் கோட்டைக் கழற்றியதும் அம்மா ஓடி வந்தார். ரப்பர்த் தோட்டத்து அம்மாக்களுக்கு எந்தக் கறைக்கும் மருந்து ஒன்றுதான், மண்ணெண்ணெய். உடையில் ரப்பர்ப் பால் காய்ந்து ஒட்டினால் அதைத் தடவித்தான் சுரண்டுவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் விளக்குக்கு வைத்திருந்த போத்தலைக் கவிழ்த்துத் தேய்த்துவிட்டார். மஞ்சள் அசையவில்லை. வீடு நாறியது. நாற்றமாவது போகட்டும் என்று கட்டிச் சவுக்காரத்தை எடுத்து அழுத்தித் தேய்த்தார். மஞ்சளெல்லாம் ரத்தச் சிவப்பாக மாறியது. அம்மா சவுக்காரத்தைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா எட்டிப் பார்த்தார். "திங்கக்கெழம மண்டோரப் பார்த்துடுறேன்," என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "திங்கக்கெழம நான் வீட்டுல இருந்தா பாருங்க," என்றேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறவள் நான். முகம் துடைத்த துண்டு மஞ்சளாகத்தான் கொடிக்குப் போகும். மத்தியானம் எடுக்கும்போது வெயில் பட்ட பக்கம் வெளுத்திருக்கும், மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருக்கும். சவுக்காரம் பட்டால் சிவப்பதும், அலசினால் மறுபடி மஞ்சளாவதும் பலமுறை பார்த்ததுதான். ஆனால் இவ்வளவு பெரிய கறைக்கு ஒரு நாள் வெயில் போதுமா, ஞாயிற்றுக்கிழமை வெயில்தான் அடிக்குமா, அது எனக்கும் தெரியாது. வாய் மட்டும் விட்டாயிற்று.

ஞாயிறு காலையில் முதல் வேலையாகச் சுடுதண்ணீரில் தூள் சவுக்காரம் போட்டு மண்ணெண்ணெய் வாடையைப் போக்கினேன். தண்ணீர் தெளியும்வரை அலசினேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. எலுமிச்சம்பழம் பிழிந்து தடவி, செம்பருத்தி வேலிமேல் கறைப் பக்கம் வெயிலைப் பார்க்க விரித்தேன். காயக் காயத் தண்ணீர் தெளித்தேன், ஈரமாக இருந்தால்தான் சீக்கிரம் வெளுக்கும். சாப்பாடும் வேலியோரத்திலேயே. மத்தியானம் மேகம் கூடித் தூறல் போட்டது.

"போச்சுலா," என்றான் அத்தை மகன், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"உனக்கு வேற வேலை இல்லையா?" என்று கோட்டை வாரிக்கொண்டு உள்ளே ஓடினேன். நல்லவேளை, தூறல் நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. மறுபடி விரித்து, புரட்டிப் புரட்டிப் போட்டு, வெயில் சாயும்போது எடுத்து உதறினேன். வெள்ளை. தையலோரத்தில்கூட மஞ்சள் இல்லை. அப்பா கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "ம்," என்றார். அப்பாவிடம் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. மண்டோர் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

திங்கள் விடியலில் அம்மாவும் நானும் சேர்ந்தே புறப்பட்டோம். அம்மா மரம் வெட்டப் போகிற உடையில், கையில் பால் வாளியோடு சாலை வரை வந்தார். ஆனால் எட்டியே நடந்தார். நான் பக்கத்தில் போனால் விலகினார்.

"ஏம்மா தள்ளித் தள்ளிப் போற?"

"இதெல்லாம் பால் கறைடி. உன் கோட்டுல ஒட்டிக்கும். பஸ்ஸுல இருக்கவங்க வேற பார்ப்பாங்க."

பஸ் வந்து நின்றது. அத்தனை ஜன்னல்களுக்கும் முன்னால் அம்மாவை இழுத்துக் கட்டிக்கொண்டேன். "விடுடி, கறை, கறை," என்று திமிறினார்.

"ஒட்டினா ஒட்டட்டும். எனக்கு எடுக்கத் தெரியும்," என்றேன். பஸ்காரர் ஹார்ன் அடிக்கும்வரை விடவில்லை.