கரையைச் சுற்றிய நூல்

மகளின் திருமணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கல்மண்டபம் பகுதியில் எங்கள் வீட்டுத் தொலைபேசி காலையிலேயே அடித்தது. நார்வேயிலிருந்து என் மனைவியின் தம்பி. சரக்குக் கப்பலில் என்ஜின் வேலை. கப்பல் அந்நாட்டின் வடகோடியில் இரும்புத்தாது ஏற்ற நின்றிருந்தது.

"வியாழக்கெழம பத்து மணிக்கு இங்கேந்து ஒரு குட்டி ப்ளேன் கீது மாமா. இன்னொரு குட்டி ஊர்ல எறக்கி வுடும். அங்க பதினொண்ணேகாலுக்கு வேற ப்ளேன் புடிக்கணும். அத்த வுட்டா சனிக்கெழமதான்."

அத்தோடு இணைப்பு அறுந்தது. இரண்டு ஊர்களின் பெயரையும் சொன்னவர், முதல் விமானம் எப்போது இறங்கும் என்று சொல்லவில்லை.

ஞாயிறு முகூர்த்தம். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் மேடைக்கு வருவாள். ஒன்றுவிட்ட தம்பியைக் கேட்டு வைக்கலாம் என்றாள் மனைவி.

"மாமா வரலன்னா நான் எழுந்தே வர மாட்டேன்" என்றாள் மகள்.

நான் துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்கர். கப்பல்காரர்கள் கழித்துப்போட்ட கடல் வரைபடங்கள் ஒரு கட்டு, அலமாரியில் விரிப்பதற்காக என்னிடம் இருந்தது. தேடினேன். அந்தக் கரையும், இரண்டு ஊர்களும் அதில் இருந்தன. மாடிவீட்டுச் சரங்கைக் கூப்பிட்டேன். இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். பூ கட்டும் நூலை மனைவி கொடுத்தாள்.

சரங்கு முதல் ஊரில் நூலை அழுத்தினார். விரிகுடாவை விட்டு வெளியே வந்து, முனை முனையாக வளைத்துக்கொண்டு போனார்.

"இங்க பாறை கீது தம்பி. ஒதுங்கிப் போவணும்."

நானும் விரலால் நூலை ஒதுக்கிவிட்டேன். அளந்ததில் நானூற்றைம்பது கிலோமீட்டர். குட்டி விமானத்தின் வேகத்தை நானூறு என்று வைத்து, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தேன். பதினொன்று இருபது. ஐந்து நிமிடத்தில் போச்சு.

ஒன்றுவிட்ட தம்பியை அழைக்க மனைவி ரிசீவரை எடுத்துவிட்டாள். மருதாணிக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி மகள் குனிந்து பார்த்தாள்.

"இன்னாப்பா, ப்ளேன் கூட பாறையப் பாத்து ஒதுங்குமா?"

கடல் வரைபடத்தில் நிலம் வெறும் மஞ்சள். அதன் மேல் ஏதாவது போகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நூலை மஞ்சளுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தேன். இருநூற்றைம்பது! பத்து ஐம்பதுக்கு இறங்கிவிடலாம்.

"அட, நான் படகுலயே போய்ட்டேன் தம்பி" என்றார் சரங்கு. மனைவி ரிசீவரை வைத்தாள்.

ஆனாலும் அது எங்கள் கணக்குதானே. வியாழக்கிழமை நம் நேரம் இரண்டே முக்கால், அதாவது அங்கே பதினொன்றேகால், ஆகும்வரை வீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. ஆன பிறகும் ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஆட்டோவிலிருந்து கம்பளிக் கோட்டோடு இறங்கினார் மைத்துனர். வேர்வை வழிந்தது. மாடியிலிருந்து சரங்கு கத்தினார்.

"எவ்ளோ நேரண்டா பறந்த?"

"முக்கால் மணி, நைனா. கீழ எல்லாம் பனிமல. இன்னாத்துக்குக் கேக்குற?"

மகள் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. விஷயத்தை அவளே மாமாவுக்குச் சொன்னாள்.

மறுநாள் மண்டபத்தில் மாமன் அவள் கையைப் பிடித்ததும், முன்வரிசையிலிருந்து சரங்கின் குரல் நாதஸ்வரத்துக்கு மேலே கேட்டது.

"நேராக் கூட்டினு வாடா. சுத்திக்கினு வராத."

தலை குனிந்து வர வேண்டிய பெண், நிமிர்ந்து சிரித்துக்கொண்டே மேடையேறினாள்.