தொப்பை விழுந்த பாய்

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், ஆறு கடலில் கலக்கும் ஒரு கழிமுகத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் கல்லாவில் உட்கார்ந்தபடியே தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். கடைக்கு வருபவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

எனக்கு மூலக்குளத்தில் டைல்ஸ் கடை, வீடு கரிக்கலாம்பாக்கம். வயது ஐம்பதை நெருங்குகிறது, எடை நூறை நெருங்குகிறது. கழிமுகத்தில் இருக்கும் படகு கிளப்புக்கு ஒருநாள் பாத்ரூம் டைல்ஸ் இறக்கப் போனேன். அங்கே ஒருவர் பலகை மேல் நின்று, அதில் நட்டிருந்த பாயைக் கையில் பிடித்தபடி தண்ணீர் மேல் சீறிக்கொண்டு போனார். விண்ட்சர்ஃபிங் என்றார்கள். மோட்டார் கிடையாது, பெட்ரோல் கிடையாது, காற்று மட்டும்தான். தங்கை கல்யாணம், பிள்ளைகள் படிப்பு, கடை என்று ஓடியே பழகியவன் நான். எனக்கே எனக்கென்று எதற்கும் ஆசைப்பட்டதில்லை. இதற்கு ஆசைப்பட்டுவிட்டேன்.

சில மாதம் கிளப்பின் பலகையில் விழுந்து எழுந்து பழகினேன். பிறகு சொந்தமாகப் பாய் வாங்கும் நேரம் வந்தது. ஊரை விட்டுப் போகிற ஒருவர் தன்னிடமிருந்த இரண்டைக் கொடுக்கத் தயாராக இருந்தார். ஒன்று சின்னது, ஒன்று எட்டரை சதுர மீட்டர். “பெருசு வேணாம் சார், தண்ணியிலேர்ந்து தூக்கவே முடியாது” என்று கிளப்பே சொன்னது. பயிற்சியாளர் மட்டும், “நம்ம ஊரு காலைக் காத்து பூ மாதிரி வரும். உங்க வெயிட்ட அது இழுக்கணும்னா பெரிய பாய்தான் சார் வேணும். அப்பதான் ஸ்பீடு கெடைக்கும்” என்றார். பெரியதையே வாங்கினேன். அறுத்த வயலில் அதை விரித்துப் பார்த்தபோது அந்த வழியாகப் போனவர் சைக்கிளை நிறுத்தி, “இன்னாண்ணே, யாரு வூட்டு விசேஷம்? பந்தல் இம்மாம் பெருசா இருக்குது?” என்று கேட்டார்.

பந்தலாகவே இருந்திருக்கலாம் என்று நினைக்கும்படி ஆகிவிட்டது. தண்ணீரில் இறக்கினால் நகரவே மாட்டேன் என்றது. ஒல்லியான கல்லூரிப் பையன்கள் சின்னப் பாயை வைத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். நான் பக்கவாட்டில் மிதந்து மிதந்து முகத்துவாரம் வரை போய்விடுவேன். மீன்பிடிப் படகுக்காரர் கயிறு போட்டுக் கட்டி இழுத்து வருவார். வாராவாரம் இதே கதை. பெரியதை எடுத்தது தப்போ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உடன் வருவது என் மச்சான், மனைவியின் தம்பி. நெல் லாரி ஓட்டுகிறவர். மூட்டை மேல் தார்ப்பாய் போட்டு அவர் இழுத்துக் கட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது. பயிற்சியாளர் பாயின் பின்பக்கக் கயிற்றைக் கொஞ்சம் தளர்வாக விடச் சொல்வார். அவர் அந்தப் பக்கம் போனதும் மச்சானுக்குக் கை நிற்காது. “லூசா வுட்டா காத்துல பிச்சிக்கினு பூடும் மாமா” என்று, காலை உதைத்துக்கொண்டு இழுத்துக் கட்டிவிடுவார். பாய் பலகை மாதிரி விறைத்து நிற்கும். பார்க்க எனக்கும் திருப்தியாகத்தான் இருக்கும். நானும் தார்ப்பாய் கட்டி வளர்ந்த குடும்பம்தானே!

கடைசியில் என் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். “தவக்காலத்துல அவனவன் கறிய வுடறான், குடிய வுடறான். நீங்க இந்தப் பாய வுட்டுடுங்க. வர்ற ஞாயித்துக்கெழம நானே வந்து பாப்பேன். அன்னிக்கும் படகுக்காரரு இழுத்துக்கினு வந்தாருன்னா, மாட்டுக் கொட்டாய்க்கு அதான் கூரை.” சொன்னால் செய்வாள். கொட்டகையை அளந்தும் வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு பூசை முடித்துக் கிளம்பினோம். மச்சானுக்கு லோடு வந்துவிட்டது, வரவில்லை. பின்பக்கக் கயிற்றை நான் இழுத்துப் பிடிக்க, மனைவி முடிச்சுப் போட்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை. கூரையாகப் போவது பாய் மட்டுமல்ல, என் ஒரே ஆசையும்தான்.

நடுத்தண்ணீருக்குப் போனதும் வழக்கம்போல நின்றுவிட்டேன். தூரத்தில் படகுக்காரர் கயிற்றை எடுப்பது தெரிந்தது. அப்போது ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். மனைவி போட்ட முடிச்சு வழுக்கி, ஒரு சாண் கயிறு நழுவிப் போய்விட்டது. விறைத்து நின்ற பாய் தளர்ந்து, காற்றை வாங்கி, என்னைப் போலவே தொப்பை போட்டது. போச்சுடா, தொலைந்தேன் என்று கண்ணை மூடினேன். கையை யாரோ வெடுக்கென்று இழுத்ததுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தால் பலகை மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது! காலுக்கடியில் தண்ணீர் சடசடவென்று அடிக்கிறது. கல்லூரிப் பையன்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கிப் போனார்கள். “ஆண்டவரே!” என்று கத்தினேன், பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். படகுக்காரர் கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றி விசில் அடித்தார்.

கரையில் மணலில் போய் முட்டித்தான் நின்றேன். பயிற்சியாளர் ஓடி வந்து கயிற்றைப் பார்த்தார். “இதத்தான சார் இத்தினி நாளா சொல்லினு இருக்கேன்! லேசான காத்துல பாய்க்கு வயிறு வேணும். நீங்க பெருச வாங்கி வயித்தக் கட்டிப்போட்டா அது எங்க ஓடும்?” பாய் சரியானதுதான், நாங்கள் கட்டிய விதம்தான் தப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

மனைவி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். கண் கலங்கியிருந்தாள், ஆனால் வாய் குறையவில்லை. “நான் வேணும்னேதான் லூசா கட்டுனேன்” என்றாள். அது பச்சைப் பொய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் போட்டாயிற்று. மச்சானைக் கயிற்றுப் பக்கமே விடுவதில்லை. இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் அவள்தான் கூட வந்து முடிச்சுப் போடுகிறாள். பெரிதாக ஆசைப்பட்டது தப்பில்லை, அதை இறுக்கிப் பிடித்ததுதான் தப்பு என்று, அவள் கை அந்தக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிடும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது.