பேத்தியின் முதல் மொட்டை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாளையம்பட்டியில் பஞ்சு மூட்டை சுமந்தேன். இன்று அருப்புக்கோட்டையில் பஞ்சு அடுக்கி வைக்க எனக்குச் சொந்தக் கிட்டங்கி இருக்கிறது. படித்தவனிடம் யோசனை கேட்டு நான் உருப்பட்டதில்லை.

மகன் வயிற்றுப் பேத்திக்கு இரண்டரை வயது. விடிந்தால் வாந்தி, நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்தாள். மதுரை டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பின்மூளையில் கட்டி, அது அடைத்துத் தலைக்குள் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது, இந்த வாரமே ஆபரேஷன் என்றார்.

"கரண்டு வைக்கிறதுதான் உசத்திங்காக. அதையே வைங்க, என்ன ஆனாலும் நான் குடுக்கேன்" என்றேன்.

வளர்கிற மூளைக்கு அந்தக் கதிர்வீச்சு ஆகாது, புத்தியைக் கெடுக்கும், முதலில் கட்டியை எடுத்துவிட்டு மருந்து ஏற்றலாம், கரண்டு தேவைப்பட்டால் வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார். எனக்கு உடனே விளங்கியது. காய் பிடித்த பருத்திக்கு அடிக்கிற மருந்தை முளைக்கு அடித்தால் கருகித்தானே போகும்?

பிள்ளையின் தாய்மாமனுக்குத்தான் விளங்கவில்லை. இரண்டு பட்டம் வாங்கிய வாத்தியார். முதல் முடியைத் திருச்சுழிப் பக்கத்துக் குலசாமிக்கு இறக்காமல் தலையில் கத்தி படக்கூடாது, மாசி சிவராத்திரி வரை பொறுக்க வேண்டும் என்றார். இன்னும் இரண்டு மாதம். என் பங்காளிகள் நாலு பேர் கிடாக்கறிக்குத் தலையாட்டுவது போலவே இதற்கும் ஆட்டினார்கள்.

"தலைக்குள்ள இருக்க தண்ணி சிவராத்திரி வரைக்கும் காத்துக் கெடக்குமா மாப்ள? எந்தப் புத்தகத்துல படிச்சீக?"

வாத்தியார் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். மகன் வெளிநாட்டில் இருந்ததால் ஆபரேஷனுக்கு மருமகள்தான் கையெழுத்துப் போட வேண்டும்; அவளும் மறுத்தாள்.

"சாமி குத்தமாயிட்டா என்ன மாமா செய்ய?"

ஊர் மெச்ச இருபது கிடா வெட்ட வேண்டும் என்று, ஒரு வயதில் எடுக்க வேண்டிய மொட்டையைத் தள்ளிப் போட்டவன் நான். அதை அவளிடம் சொன்னேன்.

"குத்தம்னா எந் தலையில விடியட்டும். நீ போடு."

போட்டாள். தாய்மாமன் மடி கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மடியில் வைத்துத்தான் சிரைத்தார்கள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பேத்தி சுவரைப் பிடித்து நடக்கிறாள். மாசி பிறந்ததும் வாத்தியார் போன் செய்து, மொட்டைக்கு என்றைக்கு வரட்டும் என்று கேட்டார்.

மருந்து ஏறுவதால் பிள்ளை தலையில் முடி முளைக்கவேயில்லை என்பதுகூட அந்த மாமனுக்குத் தெரியவில்லை. ஒரு தடவை வந்து பார்த்திருந்தால்தானே தெரியும்.