அம்மா பாடமாக்கிய வசனம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவுக்கு நடிக்க ஆசை வந்தது. கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் சேலை விரித்துக் காட்டுவது அவள் வேலை. கடைக்கு வந்த ஓர் இளம்பெண், தான் தமிழில் குறும்படம் எடுப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை நடிகர் தேர்வுக்கு வரும்படியும் சொல்லி, வசனம் எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வெளிநாடு போகும் கணவனை மனைவி வழியனுப்பும் காட்சி.

அதைப் பாடமாக்க வேண்டுமா என்பதில் வீடு இரண்டுபட்டது. கோயில் திருவிழா நாடகத்தில் ஒரேயொரு முறை தோழியாக வந்துபோன சித்தி, அந்த அனுபவத்தின் பலத்தில், தாளைக் கையில் வைத்துக்கொண்டே நடிக்கலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்றாள். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியிருந்த எனக்கு, தாளைப் பார்ப்பது பரீட்சையில் பார்த்து எழுதுவது மாதிரி. அம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் தேங்காய் துருவும்போதும் துணி மடிக்கும்போதும் நான்தான் கணவன். எல்லா வரிகளும் தடங்கலின்றி வந்தன. “கவலப்படாம போயிட்டு வாங்க” என்ற இடத்தில் மட்டும் நின்றுவிடுவாள். ஞாபகசக்தி போதாது என்று நான் வெண்டைக்காய் சாப்பிடச் சொன்னேன். கத்தாரில் இருந்த அப்பாவிடம் இதையெல்லாம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்றாள்.

ஞாயிறன்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போனோம். மண்டபத்தில் கணவன் பகுதியைப் படிக்கவேண்டியவர் வந்திருக்கவில்லை. என் மகளுக்கு எல்லாம் பாடம் என்றாள் அம்மா. இயக்குநர் அக்கா சிரித்துக்கொண்டே என்னை எதிரில் நிறுத்தினாள்.

“நேரமாச்சு, நான் கெளம்புறேன்” என்றேன்.

அம்மா மறந்துவிட்டாள் என்று பயந்துபோய் அடுத்த வரியை முணுமுணுத்தேன். இயக்குநர் அக்கா விரலை உதட்டில் வைத்தாள். அம்மா என்னையே பார்த்தாள்.

“ரெண்டு வருசம்னுதான் சொல்லியிருக்கீங்க. அதுக்கு மேல இருந்துராதீங்க. புள்ள ஒங்க மொகத்த மறந்துரும்.”

 இயக்குநர் அக்கா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“நீங்கதான் நடிக்கிறீங்க. இந்த வசனத்தையே வச்சுக்குவோம்.”

திரும்பும் பஸ்ஸில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பாடமாக்கியும் பிழையாகச் சொன்னவளுக்கு எப்படிக் கிடைத்தது? கேட்டேவிட்டேன். அம்மா ஜன்னலோரம் முடி பறக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாவுக்குப் போன் எடுத்தாள். தாளில் இல்லாத அந்த வார்த்தைகள் அவளுக்கு எங்கிருந்து வந்தன என்று யோசிக்க எனக்கு அன்று தோன்றவேயில்லை. அப்பா கத்தாருக்குக் கிளம்பிய விடியற்காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.