பாட்டு எண் பலகை

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், தச்சு வேலை தவிர வேறு தெரியாது. நீங்கள் நம்பாவிட்டாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் லுத்தரன் சபைக்குச் சிறிய கோயில் ஒன்று கட்டினோம். நார்வே நாட்டுப் பாதிரியார், தன் கிராமத்தில் இருப்பதைப் போலவே முழுக்க மரத்தில் வேண்டும் என்றார். கரையான் தின்கிற ஊரில் மரக்கோயிலா என்று எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வேலையாக, அன்றன்று பாடும் பாட்டு எண்ணைக் காட்டும் பலகையும் அதில் செருகுகிற எண் கட்டைகளும் தேக்கில் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நாலு மணிக்குக் கதவைப் பூட்டி, டீ குடித்துவிட்டு வந்து திறந்தால், காலியாக விட்ட பலகையில் 4137 என்று நிற்கிறது. சாவி என் இடுப்பில். உள்ளே ஒருவரும் இல்லை. நாலாயிரம் பாட்டு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அது என் மச்சினன் ஓட்டுகிற லாரியின் எண்.

அன்று இரவு அவன் பம்பாய் கிளம்புகிறான். புதுச்சத்திரத்தில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. சைக்கிளை மிதித்தேன்.

"அந்த வண்டில போகாத மாப்ள."

"ஏனுங்க மச்சான்?"

"சொல்லத் தெரியல சாமி. போகாத."

"கோயல் வேலைக்குப் போயி நீங்களே சாமியாராயிட்டீங்களாட்டம் இருக்குது!"

லோடு ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் பார்த்தாலே தலைகுனிகிற நான், முன்சக்கரத்துக்கு எதிரே படுத்துவிட்டேன். அவமானம் தாங்காமல் அவன் சாவியை இன்னொரு டிரைவரிடம் வீசிவிட்டு, வழியெல்லாம் திட்டிக்கொண்டே என்னுடன் வந்தான்.

விடியும்போது தகவல் வந்தது. போகிற வழியில் கணவாய் வளைவில் வண்டி கவிழ்ந்து, டிரைவர் உட்காரும் பக்கம் நசுங்கிவிட்டது. செத்த மனிதருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மச்சினன் சோறு தின்னவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பாக்கி எண்களை அறுக்கப் போனேன். பலகையில் எண் அப்படியே இருந்தது. அப்போதுதான் உறைத்தது, நான் ஆறு வரைதான் அறுத்திருந்தேன். அந்த ஏழாம் எண் கட்டையைக் கழற்றினேன். வெளுத்த, கனமில்லாத மரம், பிசின் வாசனை. இருபது வருடம் மரம் அறுத்த எனக்கு அது என்ன மரம் என்று தெரியவில்லை. பாதிரியார் வாங்கி முகர்ந்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்கள் கிராமத்து மரம்," என்றார்.

அந்தக் கட்டையை அவர் திருப்பித் தரவில்லை. வேறு ஏழு செய்யவா என்று நான் கேட்கவில்லை, செய் என்று அவரும் சொல்லவில்லை. அந்தக் கோயிலில் இன்றுவரை ஏழு வருகிற பாட்டைப் பாடுவதில்லை.